பாட் பாதி, மனிதர் மீதி: ஆபீஸ் வேலையில் சாஃப்ட்வேர் ரோபோ வந்த பிறகு கடைசி 'ஓகே' யார் சொல்வது?

மாலை ஆறரை மணி. ஊரே வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில், சென்னையின் மெடிக்கல் பில்லிங் அலுவலகங்களில் வேலை தொடங்கும். அமெரிக்காவில் ஒருவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால், அதற்கான பணத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்டு வாங்கும் வேலையில் ஒரு பகுதி இங்கிருந்துதான் நடக்கிறது.

அந்த வேலையில் ஒரு சின்னப் படி இருக்கிறது. 'அனுப்பிய கிளைம் என்ன ஆச்சு?' என்று பார்ப்பது. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வெப்சைட்டில் லாகின் செய்ய வேண்டும். கிளைம் எண்ணை அடிக்க வேண்டும். பணம் வந்ததா, பரிசீலனையில் இருக்கிறதா, நிராகரிக்கப்பட்டதா என்று பார்த்து, அதை இன்னொரு சாஃப்ட்வேரில் பதிய வேண்டும். அடுத்த கிளைம். அதற்கடுத்த கிளைம். விடியும் வரை இதே வேலை.

இந்த மாதிரி வேலையை இப்போது பல அலுவலகங்களில் ஆள் செய்வதில்லை. 'பாட்' செய்கிறது.

அப்போ அந்த ஆள் என்ன செய்கிறார்? பாட் தப்பு செய்தால் யார் கண்டுபிடிப்பது? கண்டுபிடிக்கும் ஆளுக்கு அதற்கான நேரம் இருக்கிறதா? மனிதரையும் சாஃப்ட்வேர் ரோபோவையும் ஒரே வேலையில் சேர்க்கும்போது எழும் முக்கியமான கேள்விகள் இவைதான். இதற்குச் சரியான பதில் இல்லாததால் ஒரு நாட்டின் அரசே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஒரு பெரிய வங்கி கோடிக்கணக்கான டாலரைத் தவறாக அனுப்பிவிட்டுத் தவித்தது.

ஆர்பிஏ என்றால் என்ன?

ரோபோன்னு சொன்னதும் கை, கால் உள்ள இயந்திரம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இது அப்படி இல்லை. இது கம்ப்யூட்டருக்குள் ஓடும் ஒரு சாஃப்ட்வேர். ஊழியர் திரையில் எங்கே கிளிக் செய்வாரோ அங்கே இது கிளிக் செய்யும். எதை காப்பி செய்து எங்கே பேஸ்ட் செய்வாரோ அதையே செய்யும். இதற்கென்று தனி லாகின் ஐடியும் பாஸ்வேர்டும்கூட உண்டு.

இதைத்தான் 'ரோபோட்டிக் பிராசஸ் ஆட்டோமேஷன்', சுருக்கமாக ஆர்பிஏ என்கிறார்கள். ஐடி வட்டாரத்தில் வெறுமனே 'பாட்'.

இரண்டு சாஃப்ட்வேர்களை நேரடியாக இணைத்துவிட்டால் போதாதா, எதற்கு பாட் என்று கேட்கலாம். இணைக்க முடிந்தால் அதுதான் நல்லது. ஆனால் வங்கி, இன்சூரன்ஸ், டெலிகாம் நிறுவனங்களில் இருபது, முப்பது வருடப் பழைய சாஃப்ட்வேர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்ற நிறைய பணமும் காலமும் வேண்டும். ஆகவே பழைய சாஃப்ட்வேரைத் தொடாமல், அதன் முன்னால் உட்கார்ந்திருந்த ஆளின் விரல் வேலையை மட்டும் பாட்டுக்குக் கொடுத்தார்கள்.

எப்போது தொடங்கியது?

பிரிட்டனில் 2001-ல் தொடங்கப்பட்ட 'ப்ளூ பிரிசம்' இந்தத் துறையின் முன்னோடி. ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2005-ல் சின்னதாகத் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய 'யூஐபாத்'. 2021-ல் அது நியூயார்க் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. விண்டோஸ் 11-ல் 'பவர் ஆட்டோமேட்' என்ற பாட் கருவியை மைக்ரோசாஃப்ட் கூடவே சேர்த்துத் தருகிறது.

ஆரம்ப காலத்தில் அதிகம் பேசப்பட்ட உதாரணம், பிரிட்டனின் ஓ2 செல்போன் நிறுவனம். வாடிக்கையாளர் சிம் கார்டு மாற்றும்போது செய்ய வேண்டிய பதிவு போன்ற வேலைகளில் 2010-ல் சோதனையைத் தொடங்கியது. 2015-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதியபோது, 160-க்கும் மேற்பட்ட பாட்கள் மாதத்துக்கு 4 லட்சம் முதல் 5 லட்சம் பரிவர்த்தனைகளைக் கையாண்டுகொண்டிருந்தன.

பாட் எதில் கெட்டி? எதில் சறுக்கும்?

விதி தெளிவாக இருந்தால் பாட்டுக்கு நிகர் இல்லை. 'இந்தக் கட்டத்தில் இப்படி வந்தால், அந்தக் கட்டத்தில் இப்படிப் போடு' என்று சொல்லிவிட்டால் போதும். தூக்கம் கிடையாது, கவனச்சிதறல் கிடையாது. ஆயிரமாவது முறையும் முதல் முறை போலவே செய்யும்.

வெப்சைட்டில் ஒரு பட்டனின் இடம் மாறினாலோ, புதிதாக ஓடிபி கேட்டாலோ பாட் நின்றுவிடும். இது எரிச்சல்தான், ஆனால் ஆபத்து குறைவு. நின்றுபோனது எல்லோருக்கும் தெரியும், யாராவது வந்து சரிசெய்வார்கள்.

ஆபத்து, பாட் நிற்காமல் ஓடும்போது இருக்கிறது. 03/04 என்ற தேதியை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. நாலு வருடம் இந்த வேலை பார்த்த ஊழியருக்கு 'ஏதோ இடிக்குதே' என்று தோன்றும். பாட்டுக்கு அப்படித் தோன்றாது. தவறாகப் புரிந்துகொண்டால், அதே தவறை ஆயிரம் கிளைமில் வரிசையாகச் செய்துவிட்டு, 'வேலை முடிந்தது' என்று பச்சை விளக்கு காட்டும்.

அந்த 'இடிக்குதே' என்ற உணர்வுக்காகத்தான் மனிதர் தேவைப்படுகிறார்.

வேலையை எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள்?

பொதுவாக மூன்று முறைகள் உண்டு.

முதலாவது, பாட் ஊழியரின் பக்கத்திலேயே இருந்து உதவுவது. கால் சென்டரில் வாடிக்கையாளர் போனில் பேசிக்கொண்டிருப்பார். ஊழியர் ஒரு பட்டனைத் தட்டினால், நாலு சாஃப்ட்வேர்களில் இருக்கும் விவரங்களை பாட் ஒரே திரையில் கொண்டுவந்து வைக்கும். பேச்சும் முடிவும் ஊழியருடையது.

இரண்டாவது, பாட் சர்வரில் தனியாக ஓடுவது. ராத்திரி முழுக்க கிளைம்களைப் பார்த்து முடிக்கும். தனக்குப் புரியாததை மட்டும் ஒரு வரிசையில் ஒதுக்கிவைக்கும். அலுவலக மொழியில் இதற்கு 'எக்செப்ஷன்' என்று பெயர். காலையில் வரும் ஊழியர் அந்த வரிசையை எடுத்துப் பார்ப்பார்.

மூன்றாவது, பாட் தயாரிக்கும், மனிதர் ஒப்புதல் தருவார். ஏஐ வந்த பிறகு இந்த முறை அதிகமாகியிருக்கிறது. ஸ்கேன் செய்த பில்லை ஏஐ படித்து, தொகை எவ்வளவு என்று சொல்லும். அதோடு, தன் பதிலில் தனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று ஒரு மதிப்பெண்ணும் தரும். அது நிறுவனம் வைத்திருக்கும் அளவுக்குக் கீழே போனால் மனிதர் பார்வைக்கு வரும். மேலே இருந்தால் நேராகப் போய்விடும்.

பார்க்க எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. சரி, சிக்கல் எங்கே?

ஆளே வேண்டாம் என்று முடிவெடுத்தால்: ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' கதை

ஆஸ்திரேலியாவில் வேலையில்லாதவர்கள், மாணவர்கள் போன்றோருக்கு அரசு உதவித்தொகை தருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அந்த இரண்டு வாரத்தில் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதைப் பொறுத்து தொகை மாறும்.

யாராவது வருமானத்தை மறைத்தார்களா என்று பார்க்க, உதவித்தொகைப் பதிவுகளை வருமான வரித் துறையின் பதிவுகளோடு அரசு ஒப்பிட்டது. முன்பு இதில் வித்தியாசம் வந்தால் ஓர் ஊழியர் உட்கார்ந்து விசாரிப்பார். தேவைப்பட்டால் வேலை கொடுத்த நிறுவனத்திடம் சம்பள விவரம் கேட்பார்.

2016-ல் இந்தப் படியை எடுத்துவிட்டு, கணக்கை கம்ப்யூட்டரிடம் விட்டார்கள். வருமான வரித் துறையிடம் இருந்ததோ ஆண்டு வருமானம். அதை 26 ஆல் வகுத்து, 'இரண்டு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதித்திருக்கிறார்' என்று சராசரி போட்டது சிஸ்டம்.

ஒரு மாணவர் ஆறு மாதம் வேலை பார்த்து, இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர் வீதம் 26,000 டாலர் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆறு மாதம் வேலை இல்லை, உதவித்தொகை வாங்குகிறார். இதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் 26,000-ஐ 26 ஆல் வகுத்தால் 1,000. வேலையில்லாத மாதங்களிலும் அவர் இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்ததாக கணக்கு காட்டும். 'நீங்கள் ஏமாற்றி வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள்' என்று நோட்டீஸ் போகும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடி அலைய வேண்டும்.

முன்பு ஆண்டுக்கு சுமார் 20,000 பேரிடம் நடந்த விசாரணை, வாரத்துக்கு 20,000 நோட்டீஸ் என்ற வேகத்துக்குப் போனது.

2019-ல் நீதிமன்றத்தில், இப்படிச் சராசரி போட்டுக் கடன் சுமத்தியது சட்டப்படி செல்லாது என்பது உறுதியானது. 2020-ல் சுமார் 4,70,000 கடன்களைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. பிறகு சுமார் 180 கோடி ஆஸ்திரேலிய டாலர் மதிப்பிலான சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. 2023 ஜூலையில் வெளிவந்த விசாரணை கமிஷன் அறிக்கை, இந்தத் திட்டம் கொடூரமானது, நியாயமும் இல்லாதது, சட்டமும் இல்லாதது என்று சாடியது. நோட்டீஸ் வந்த பிறகு உயிரை மாய்த்துக்கொண்ட இளைஞர்களின் தாய்மார்கள் அந்தக் கமிஷன் முன் சாட்சி சொன்னார்கள்.

வகுத்தல் கணக்கில் கம்ப்யூட்டர் தவறவில்லை. அந்தக் கணக்கு இந்த மனிதருக்குப் பொருந்துமா என்று கேட்கும் ஆள்தான் அங்கே இல்லாமல் போனார்.

மூன்று பேர் பார்த்தும் போன பணம்: சிட்டி பேங்க் சம்பவம்

அப்போ கடைசியில் ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டால் பிரச்னை தீர்ந்ததா? அதுவும் இல்லை.

2020 ஆகஸ்ட் 11. அழகுசாதனப் பொருள் நிறுவனமான ரெவ்லானுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு, சிட்டி பேங்க் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. வங்கி பயன்படுத்திய சாஃப்ட்வேரில் இதை நேராகச் செய்ய வழியில்லை. கடனை முழுசாகத் தீர்ப்பது போலப் பதிவு செய்து, அசல் தொகை வெளியே போகாமல் வங்கியின் உள் கணக்குக்குத் திருப்பிவிட வேண்டும். அதற்குத் திரையில் மூன்று கட்டங்களை மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினார்கள்.

இந்த வங்கியில் இதற்கு 'ஆறு கண்' விதி உண்டு. ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்ப்பார், மூன்றாமவர் ஒப்புதல் தருவார். நம்ம ஊர் வங்கிகளில் சொல்லும் 'மேக்கர் - செக்கர்' முறைக்கும் ஒரு படி மேல். இந்தியாவில் இருந்த ஒப்பந்த நிறுவன ஊழியர்கள் இருவரும், அமெரிக்காவில் இருந்த வங்கி அதிகாரி ஒருவரும் அந்தத் திரையைப் பார்த்தார்கள். மூவருமே சரி என்றார்கள்.

'பணம் வங்கிக்கு வெளியே போகும், தொடரலாமா?' என்ற எச்சரிக்கையும் திரையில் வந்தது. வட்டி எப்படியும் வெளியேதானே போக வேண்டும்! எவ்வளவு பணம் வெளியே போகும் என்பதை மட்டும் அந்த எச்சரிக்கை சொல்லவில்லை.

சுமார் 90 கோடி டாலர் போய்விட்டது. மறுநாள்தான் தெரிந்தது. சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 50 கோடி டாலரைத் தர மறுத்துவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் நியூயார்க் நீதிமன்றம் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அது மாறியது.

இது பாட் செய்த தவறு அல்ல, மனிதர்கள் பதிவு செய்ததுதான். ஆனால் பாட் தயாரித்ததற்கு ஒப்புதல் தரும் எல்லோருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. எத்தனை கண்கள் பார்க்கின்றன என்பதைவிட, அந்தக் கண்களுக்குத் திரை எதைக் காட்டுகிறது என்பது முக்கியம்.

1983-லேயே சொன்ன எச்சரிக்கை

லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983-ல் 'ஆட்டோமேஷனின் முரண்கள்' என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது பாட் எல்லாம் கிடையாது. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளைப் பற்றி எழுதியதுதான். ஆனால் இன்றைய ஆபீஸுக்கும் அப்படியே பொருந்துகிறது.

அவர் சொன்னதன் சாரம் இது. சுலபமான வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால், மனிதருக்கு மிஞ்சுவது கடினமான வேலை மட்டுமே. அதே சமயம், தினமும் செய்து பழகிய கை விட்டுப்போவதால், அந்தக் கடினமான வேலையைச் செய்யும் திறமையும் குறைகிறது. எப்போதும் சரியாகவே ஓடும் ஒன்றை விழிப்போடு கண்காணிப்பதும் மனிதருக்குச் சுலபமில்லை.

400 முறை பாட் சரியாகச் செய்ததைப் பார்த்தவருக்கு, 401-வது முறை கை தானாகவே 'ஓகே' பட்டனுக்குப் போகும். இது சோம்பேறித்தனம் இல்லை. மனித மூளை அப்படித்தான்.

டார்கெட் கணக்கில் மறைந்திருக்கும் சிக்கல்

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு பில்லிங் ஊழியருக்கு நாளைக்கு 60 கிளைம் டார்கெட். அதில் 45 சுலபமானவை, ஒன்றுக்கு 3 நிமிடம். 15 சிக்கலானவை, ஒன்றுக்கு 20 நிமிடம். மொத்தம் 435 நிமிடம். அதாவது ஏழேகால் மணி நேரம். ஷிஃப்டுக்குள் முடிந்துவிடும்.

இப்போது சுலபமான கிளைம்கள் எல்லாம் பாட்டுக்குப் போய்விட்டன. ஊழியரிடம் வருவது சிக்கலானவை மட்டும். டார்கெட்டைப் பாதியாக, 30-ஆகக் குறைத்தால்கூட 600 நிமிடம் வேண்டும். அதாவது 10 மணி நேரம்.

'பாட் வந்தாச்சு, டார்கெட்டையும் பாதியாக்கிட்டோம், இன்னும் என்ன?' என்று மேலாளர் கேட்பார். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது நியாயமாகத் தெரியும். ஆனால் 8 மணி நேரத்தில் 30-ஐ முடிக்க வேண்டுமென்றால் ஒரு கிளைமுக்குக் கிடைப்பது 16 நிமிடம்தான். மீதி 4 நிமிடம் எங்கிருந்து வரும்? சரிபார்க்கும் நேரத்திலிருந்துதான் வரும். 'இடிக்குதே' என்று தோன்றினாலும் நின்று பார்க்க நேரம் இருக்காது.

வேலை போய்விடுமா?

பார்த்துப் பதியும் வேலை குறையும். அதில் மழுப்ப ஒன்றுமில்லை. கிளைம் நிலையைப் பார்ப்பது, ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது போன்றவைதான் பல இளைஞர்களுக்கு இந்தத் துறையின் முதல் வாசல். அந்த வாசல் குறுகினால் இன்னொரு கேள்வியும் வரும். சுலபமான கிளைமைப் பார்த்துத்தான் சிக்கலானதைக் கற்றுக்கொண்டார்கள் இன்றைய அனுபவசாலிகள். நாளைய அனுபவசாலி எங்கே கற்றுக்கொள்வார்?

மறுபக்கம், கிளைம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று ஆராய்வது, இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு பேசி வாதாடுவது, பாட்டுக்கு விதி எழுதுவது, அது செய்ததைத் தணிக்கை செய்வது ஆகிய வேலைகளுக்கு ஆள் தேவை. இதற்குப் பொருத்தமானவர் பெரும்பாலும் முன்பு அந்த வேலையைக் கையால் செய்தவர்தான். விதிப் புத்தகத்தில் இல்லாத விதிவிலக்குகள் அவருக்குத்தானே தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2018-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கும் முடிவை, சில விதிவிலக்குகள் தவிர, முழுக்க முழுக்க இயந்திரமே எடுக்கக் கூடாது. 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த அதன் ஏஐ சட்டமோ, ஆபத்து அதிகமுள்ள இடங்களில் மனிதக் கண்காணிப்பை வலியுறுத்துகிறது. இயந்திரம் சொல்வதை அப்படியே நம்பிவிடும் மனிதப் போக்கையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 'மனிதர் பார்க்க வேண்டும்' என்று கேட்கும் இப்படியொரு உரிமை இல்லை. ஆனால் ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் இருக்க வேண்டும் என்ற கடமையை அது நிறுவனங்கள் மீது வைக்கிறது.

பாட் வரும்போது கேட்க வேண்டிய 5 கேள்விகள்

ஊழியரோ மேலாளரோ, உங்கள் டீமில் பாட் வருகிறது என்றால் இவற்றைக் கேட்டுவிடுவது நல்லது.

1. பாட் குழம்பினால் நிற்குமா, அல்லது ஊகித்துக்கொண்டு ஓடுமா?

2. ஒப்புதல் தரும் திரையில் தொகை, பெயர், தேதி, போன முறைக்கும் இந்த முறைக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் கண்ணில் படுகிறதா? 'தொடரலாமா?' என்று மட்டும் கேட்டால் போதாது.

3. சரிபார்க்கும் ஊழியருக்கு ஒரு கேஸுக்கு எத்தனை நிமிடம்? 8 மணி நேரத்தில் 400 என்றால் ஒன்றுக்கு 72 நொடிதான். அதற்குள் உண்மையில் பார்க்க முடியுமா?

4. 'இதை நிறுத்துங்க' என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கிறதா? நிறுத்தியதால் டார்கெட் குறைந்தால், அது அவர் தலையில் விழுமா?

5. பாட் 'சரி' என்று நேராக அனுப்பியவற்றிலும் சிலவற்றை எடுத்து, வாரம் ஒருமுறையாவது யாராவது கையால் சரிபார்க்கிறார்களா? எக்செப்ஷன் வரிசையில் பாட் சந்தேகப்பட்டது மட்டும்தான் இருக்கும். அது சந்தேகப்படாமல் செய்த தவறு அங்கே வரவே வராது.

இந்த ஐந்துக்கும் நேர்மையான பதில் இருந்தால் பாட் நல்ல கூட்டாளி. ராத்திரி முழுக்க லாகின் செய்து கண் எரிந்தவருக்கு அது பெரிய விடுதலைகூட. பதில் இல்லையென்றால், சரிபார்ப்பதற்காக உட்காரவைக்கப்பட்டவர் செய்வது சரிபார்ப்பு இல்லை. தப்பு நடந்த பிறகு 'நீங்கதானே ஓகே கொடுத்தீங்க?' என்று கேட்பதற்காக மட்டுமே அந்த நாற்காலியில் அவர் இருப்பார்.